கம்ப்யூட்டரில் ஒரு பாகப்பிரிவினை

சென்ற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சமையலறையை ஒழித்துப் போட்டுவிட்டுச் சற்றுத் தலை சாய்க்கலாம் என்று பாயை விரித்தேன். அதற்கென்றே காத்திருந்தாற்போல் போன் மணி அடித்தது. என் நாத்தனார்.

"அண்ணி, எங்கள் வீட்டு லாப்டாப்பில் டிஸ்க்கைக் காணோமாம்!" என்றாள்.

"காணோம் என்றால்? யார் எடுத்துக்கொண்டு போனார்கள்?"

"யாரும் எடுக்கவில்லை. பெரியவன் காலையிலிருந்து லினக்ஸ் போடுகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்திருக்கிறான். எங்கே போடுவது என்று கேட்கிற இடத்தில் பென் டிரைவ் மட்டும்தான் தெரிகிறதாம், டிஸ்க்கே இல்லை என்கிறதாம். அம்மா போட்டோ எல்லாம் அதில்தானே அண்ணி இருக்கிறது?"

கடைசி வார்த்தை சொல்லும்போது அவள் குரல் கம்மிவிட்டது. அம்மா என்று அவள் சொன்னது என் மாமியாரை. அவர் போய் நாலு வருஷம் ஆகிறது.

"பையனை எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல். போட்டோ எங்கும் போகவில்லை" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். உள்ளூர எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. ஏனென்றால் இந்த விஷயத்தில் நானே ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவள். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சகோதரிகளே, இந்த மாதிரிக் கேள்விகள் இப்போது நிறைய வருகின்றன. காரணம் உங்களுக்கே தெரியும். 2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கிடைத்துக்கொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. அதற்கு அடுத்த விண்டோஸ் 11-ஐப் போடலாம் என்று பார்த்தால், 'இந்த இயந்திரம் போதாது' என்று பழைய லாப்டாப்புகளை அது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. திரை நன்றாக இருக்கிறது, விசைப்பலகை நன்றாக இருக்கிறது. எதற்காகத் தூக்கிப் போட வேண்டும்? வயிறு கேட்கவில்லை. அப்போதுதான் வீட்டில் யாராவது ஒருவர், "லினக்ஸ் போட்டால் இன்னும் ஐந்து வருஷம் ஓடும்" என்கிறார்.

ஓடும்தான். ஹெல்ஸிங்கி சர்வகலாசாலையில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் ஆரம்பித்து வைத்த சமாசாரம் அது. காசு கொடுக்க வேண்டியதில்லை. உபுண்டு என்றும் மின்ட் என்றும் பல உருவங்களில் கிடைக்கிறது. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பி, நமக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும் முடியும். அதுவரை ஒரு தொல்லையும் இல்லை. 'எந்த இடத்தில் போடட்டும்?' என்று அது கேட்கிறதே, அந்த ஒரு பக்கத்தில்தான் எல்லாத் தொல்லையும் இருக்கிறது.

ஒரு பெரிய வீட்டை இரண்டு சகோதரர்கள் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சுவர் எழுப்புவார்கள். எது யாருடையது என்று பத்திரம் எழுதிக்கொள்வார்கள். டிஸ்க்கில் நடப்பதும் அதேதான். விண்டோஸ் இருக்கும் பாகம், துவக்கத்துக்கான பைல்கள் இருக்கும் சின்னப் பாகம், லாப்டாப் கம்பெனி தன் சௌகரியத்துக்காக வைத்திருக்கும் பாகம் என்று பல பார்ட்டிஷன்கள். எது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று ஒரு பட்டியல் டிஸ்க்கின் ஆரம்பத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதுதான் பத்திரம். பத்திரம் தொலைந்தால் வீடு இடிந்துவிடாது. ஆனால் எந்த அறை யாருடையது என்று தெரியாமல் எல்லோரும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

இப்போது என் கதை. மூன்று வருஷங்களுக்கு முன்னால் என் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட உட்கார்ந்தேன். ரொம்பச் சமர்த்தாக, முதல் நாளே எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். என் அப்பா பழைய ஊர்க் கதைகள் சொன்னதை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தேன், 16 பதிவுகள். கம்ப்யூட்டரில் இடம் போதாமல் அவற்றை அந்த வெளி டிஸ்க்கிலேயே வைத்திருந்தேன். பிரதி எடுத்த சந்தோஷத்தில் அதைப் பிடுங்கி வைக்க மறந்துவிட்டேன். கம்ப்யூட்டருக்குள் இருந்ததும் ஒரு டெராபைட். வெளியில் தொங்கியதும் ஒரு டெராபைட். பட்டியலில் 'எஸ்.டி.ஏ.' என்று ஒன்று, 'எஸ்.டி.பி.' என்று ஒன்று. அளவு ஒன்றேபோல் இருந்தது. நான் 'டிஸ்க்கை முழுதும் அழித்துவிட்டுப் போடு' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். எந்த டிஸ்க்கை? அதைத்தான் நான் சரியாகப் பார்க்கவில்லை.

காப்பு என்று எடுத்து வைத்ததையே என் கையால் அழித்தேன். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

ஆகவே முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவிடுகிறேன். பிரதி எடுங்கள், எடுத்ததில் நாலு போட்டோவைத் திறந்து சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு அந்த வெளி டிஸ்க்கைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அதற்கப்புறம்தான் லினக்ஸ் பென் டிரைவைச் செருக வேண்டும். இது ஆயிற்றென்றால் மற்ற எந்தத் தொல்லையும் வெறும் தொல்லைதான், நஷ்டம் ஆகாது.

நாத்தனார் வீட்டு விவகாரத்துக்கு வருவோம். டிஸ்க் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. விண்டோஸ் அதிலிருந்து ஓடிக்கொண்டுதானே இருந்தது? பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: இன்டெல் சில்லு உள்ள பல லாப்டாப்புகளில் டிஸ்க்கை நேராகக் கையாளாமல், 'ஆர்.எஸ்.டி.' என்ற ஓர் ஏற்பாட்டின் வழியாகக் கையாளும்படி வைத்து அனுப்பிவிடுகிறார்கள். டிஸ்க்குக்கும் நமக்கும் நடுவில் ஒரு தரகர் இருப்பதுபோல. விண்டோஸுக்கு அந்தத் தரகரைத் தெரியும். லினக்ஸுக்குத் தெரியாது, வீடே இல்லை என்று சொல்லிவிடுகிறது. கம்ப்யூட்டரைப் போட்டவுடன் எஃப்2 அல்லது டெலீட் போன்ற ஒரு விசையைத் தட்டினால் பயாஸ் என்ற அமைப்புப் பக்கம் வரும். அங்கே 'ஸாட்டா மோட்' என்ற இடத்தில் ஆர்.எஸ்.டி. அல்லது 'ரெய்டு' என்றிருப்பதை 'ஏ.எச்.சி.ஐ.' என்று மாற்றினால் தரகர் விலகிக்கொள்வார். சற்றுப் புதிய இயந்திரங்களில் இதே சமாசாரம் 'வி.எம்.டி.' என்ற பெயரில் ஒளிந்துகொண்டிருக்கும். அதை அணைக்க வேண்டும்.

ஆனால் அவசரப்பட்டு அப்படியே மாற்றிவிடாதீர்கள்! தரகரைத் திடீரென்று விரட்டினால் விண்டோஸ் திகைத்துப்போய் நீலத் திரை காட்டி உட்கார்ந்துவிடும். அதற்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். விண்டோஸில் இருக்கும்போதே 'எம்.எஸ்.கான்ஃபிக்' என்று தேடித் திறந்து, 'பூட்' என்ற பகுதியில் 'ஸேஃப் பூட்' என்பதற்கு டிக் போடுங்கள். அணைத்துவிட்டு, பயாஸுக்குப் போய் ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றுங்கள். விண்டோஸ் இப்போது ஸேஃப் மோடில், பத்தியம் சாப்பிடுகிறவர் மாதிரி மெள்ள எழுந்திருக்கும். புது ஏற்பாட்டுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். போட்ட டிக்கை எடுத்துவிட்டு மறுபடி கிளப்பினால் பழையபடி ஓடும். இரண்டு டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நிஜமாகவே 'ரெய்டு' முறையில் வைத்திருப்பவர்கள், 'ஆப்டேன்' என்ற துணை ஞாபகச் சில்லு உள்ளவர்கள், இதைத் தாங்களாகச் செய்ய வேண்டாம். விஷயம் தெரிந்தவரை உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, பூட்டு. 'பிட்லாக்கர்' என்றும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்றும் பெயர். நாம் பூட்டியதாக ஞாபகமே இருக்காது. மைக்ரோஸாஃப்ட் கணக்கில் நுழைந்து கம்ப்யூட்டரை முதல் தடவை அமைத்தபோது அது தானே பூட்டிக்கொண்டிருக்கும். 2024-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து புதிதாக அமைக்கும் இயந்திரங்களில் இது இன்னும் சகஜமாகிவிட்டது. பூட்டிய பாகத்தைச் சுருக்கி இடம் கொடு என்றால் லினக்ஸால் முடியாது. அது மட்டுமல்ல, பயாஸில் நாம் ஏதாவது மாற்றினோமென்றால், 'வேற்றாள் வந்துவிட்டான்' என்று நினைத்துக்கொண்டு 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோஸாஃப்ட் கணக்கில் இருக்கும். வேறொரு போனிலிருந்து அந்தக் கணக்கில் நுழைந்து பார்க்கலாம். எதையும் தொடுமுன் அதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் போதும். பிறகு விண்டோஸ் அமைப்புகளுக்குப் போய்ப் பூட்டை எடுத்துவிடுங்கள். சொன்னவுடன் ஆகிவிடாது. டிஸ்க்கின் அளவைப் பொறுத்துச் சில மணி நேரம்கூட ஆகும். நடுவில் மூடி வைக்காதீர்கள். இட்லிக்கு அரைத்து முடித்துவிட்டு வந்து பாருங்கள்.

அடுத்தது, இடம் பிரித்துக் கொடுப்பது. இதிலும் விண்டோஸ் பாகத்தை விண்டோஸைக் கொண்டே சுருக்குவதுதான் நல்லது. 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்ற இடத்தில் 'ஷ்ரிங்க்' என்றிருக்கும். அங்கேதான் பலருக்கு ஏமாற்றம். "அத்தனை ஜி.பி. காலியாக இருக்கிறதே, ஆறே ஜி.பி.தான் தருவேன் என்கிறதே!" என்று ஒரு மாம்பலத்துச் சகோதரி கேட்டிருந்தார்.

கஞ்சத்தனம் இல்லை அம்மா. பெரிய கூடத்தைச் சுவர் வைத்துப் பிரிக்க வேண்டும். கூடம் முக்கால்வாசி காலிதான். ஆனால் அந்தக் கோடியில் பழைய ஆட்டுக்கல் ஒன்று தரையோடு பதிந்து கிடக்கிறது. சுவரை அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் வைக்க முடியுமா? விண்டோஸும் சில பைல்களை அப்படி நகர்த்த மாட்டேன் என்கிறது. தூங்கும்போது ஞாபகத்தைக் கொட்டி வைக்கும் 'ஹைபர்னேஷன்' பைல் ஒன்று, 'பேஜ் பைல்' ஒன்று, 'ஸிஸ்டம் ரிஸ்டோர்' எடுத்து வைக்கும் பிரதிகள் சில. இவற்றில் ஏதாவது ஒன்று கோடியில் உட்கார்ந்திருந்தால் போதும். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, கம்ப்யூட்டரை ஒரு தடவை மறுபடி கிளப்பிவிட்டுச் சுருக்கிப் பாருங்கள். ஆறு என்றது அறுபதாகும். வேலை முடிந்ததும் பேஜ் பைலையும் ரிஸ்டோரையும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஹைபர்னேஷனை அப்படியே அணைத்து வைப்பது நல்லது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, வருகிறேன்.

எவ்வளவு இடம் கொடுப்பது? மின்ட்டுக்குக் குறைந்தது 20 ஜி.பி. வேண்டும், 100 இருந்தால் நல்லது என்று அதை உண்டாக்கியவர்களே சொல்கிறார்கள். புடைவை வாங்கும்போது இன்ச் டேப் கொண்டுபோகிற நாம் இதில் மட்டும் கண்ணால் அளப்பானேன்? இன்னொன்று: 500 ஜி.பி. என்று வாங்கிய டிஸ்க்கை விண்டோஸ் 465 என்று காட்டும். கடைக்காரர் மோசம் செய்துவிட்டதாகச் சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பவர் 1000-ஆல் பெருக்குகிறார். விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. படி வேறு, அரிசி ஒன்றுதான். லினக்ஸ் சில இடங்களில் முதல் படியால் அளப்பதால், இரண்டு திரைகளிலும் ஒரே பாகத்துக்கு வேறு வேறு எண் வந்தால் திகைக்க வேண்டாம்.

சுருக்கிக் கிடைத்த காலி இடத்தை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதையும் பலர் கேட்பதில்லை. வெறுமையாகக் கிடக்கிறதே என்று அதற்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுத்து, ஃபார்மட்டும் செய்து, கோலம் போட்டு வைத்துவிடுகிறார்கள். லினக்ஸ் வந்து பார்த்துவிட்டு, 'இங்கேயும் யாரோ குடியிருக்கிறார்கள், காலி இடமே இல்லை' என்கிறது. பிசகு அதனுடையதா, நம்முடையதா?

ஹைபர்னேஷன் என்றேனே. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, நாம் 'ஷட் டவுன்' கொடுத்தால் அது நிஜமாக அணைவதில்லை. மறுநாள் சீக்கிரம் எழுந்திருப்பதற்காகப் பாதித் தூக்கம்தான் தூங்குகிறது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று அதற்குப் பெயர். அரைத் தூக்கத்தில் இருப்பவரின் அறையில் சாமான்களை நகர்த்தினால் என்ன ஆகும்? லினக்ஸ் அதைப் புரிந்துகொண்டு, 'இந்தப் பாகம் இன்னும் உபயோகத்தில் இருக்கிறது, தொட மாட்டேன்' என்று மறுத்துவிடும், அல்லது படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது. அது நம் நன்மைக்குத்தான். விண்டோஸின் 'பவர்' அமைப்பில் இந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஹைபர்னேஷனை அணைத்தவர்களுக்கு இதுவும் கூடவே அணைந்திருக்கும்.

பழைய இயந்திரங்களுக்கு மட்டும் ஒரு விசேஷத் தொல்லை உண்டு. 1983-ல் ஐ.பி.எம். கம்ப்யூட்டர்களோடு வந்த 'எம்.பி.ஆர்.' என்ற பழைய முறைப் பத்திரத்தில் நாலே நாலு வரிகள்தான் எழுத இடம். நாலு முதன்மைப் பாகம் ஆகிவிட்டதென்றால், பக்கத்தில் எத்தனை காலி இடம் கிடந்தாலும், அதை 'உபயோகிக்க முடியாது' என்றுதான் லினக்ஸ் காட்டும். கம்பெனிக்காரர் ரிப்பேர் பாகம், துவக்கப் பாகம், ஸி, டி என்று நாலையும் பூர்த்தி செய்தே அனுப்பியிருப்பார். இதற்கு வழி, டி போன்ற கடைசிப் பாகத்தில் உள்ளதை வெளியே பிரதி எடுத்துவிட்டு, அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'எக்ஸ்டெண்டட்' என்று ஒரு பெரிய பாகம் வைப்பது. அதற்குள் எத்தனை தடுப்பு வேண்டுமானாலும் போடலாம். உள்தடுப்புகளுக்கு எண் 5-லிருந்துதான் ஆரம்பிக்கும். ஒன்று, இரண்டுக்குப் பிறகு ஐந்து வருகிறதே, மூன்றும் நாலும் எங்கே என்று தேடாதீர்கள். லினக்ஸ் அந்த உள்தடுப்பிலிருந்தே சௌக்கியமாகத் துவங்கும். ஐந்தாவது பாகத்தை விண்டோஸைக் கொண்டே உண்டாக்கப் பார்க்கிறவர்கள் ஜாக்கிரதை. 'டைனமிக் டிஸ்க் ஆக மாற்றட்டுமா?' என்று அது ஒரு கேள்வி கேட்கும். சரி என்றீர்களோ, லினக்ஸை அங்கே குடிவைப்பது பெரும்பாடாகிவிடும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புதுமுறைப் பத்திரமான 'ஜி.பி.டி.'யில் வழக்கமாக 128 வரிகள், போதாதற்கு டிஸ்க்கின் கடைசியில் ஒரு நகல் வேறு. கொடுத்து வைத்தவர்கள்!

ஜி.பி.டி. உள்ள இயந்திரத்தில் துவக்கப் பாகம் என்று 100 முதல் 260 எம்.பி. வரை சின்னதாக ஒன்று இருக்கும். 'ஈ.எஃப்.ஐ.' என்று எழுதியிருக்கும். வீட்டுக்கு ஒரே வாசல் மாதிரி; விண்டோஸ், லினக்ஸ் இருவரும் அதன் வழியாகத்தான் போக வர வேண்டும். லினக்ஸுக்கு அதைக் காட்டிக் கொடுக்கலாம். ஃபார்மட் என்ற கட்டத்தில் மட்டும் டிக் விழக் கூடாது. விழுந்தால் விண்டோஸ் உள்ளேயே பத்திரமாக இருக்கும், ஆனால் வெளியே வர வாசல் இருக்காது. சிலருக்கு, '1 எம்.பி.யில் பயாஸ் துவக்கப் பாகம் ஒன்று வேண்டும்' என்று புரியாத பாஷையில் ஒரு கோரிக்கை வரும். அப்படி வந்தால் பென் டிரைவைத் தப்பான வாசலில் கிளப்பியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். துவக்கப் பட்டியலில் ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை தெரியும். பெயருக்கு முன் 'யு.இ.எஃப்.ஐ.' என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுத்து, முதலிலிருந்து ஆரம்பியுங்கள். விண்டோஸ் எந்த முறையில் துவங்குகிறதோ அதே முறையில் லினக்ஸும் துவங்க வேண்டும், அவ்வளவுதான்.

கையால் பாகம் பிரிப்பவர்களுக்கு, 'ரூட் பைல் ஸிஸ்டம் குறிப்பிடப்படவில்லை' என்று ஒரு குட்டு விழும். காலி இடத்தைக் காட்டினால் மட்டும் போதாது; 'இதுதான் உன் வீடு' என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, வகை 'எக்ஸ்ட்4' என்றும், பொருத்தும் இடம் என்பதில் வெறும் ஒரு சாய்கோடும் கொடுத்தால் சமாதானமாகிவிடும். 'ஜிபார்ட்டெட்' என்ற கருவியில் பார்ப்பவர்களுக்கு ஒரு பாகத்தின் பக்கத்தில் சின்னச் சாவிப் படம் தெரிந்து, எதையும் மாற்ற விடாமல் இருக்கும். அந்தப் பாகம் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். 'அன்மவுண்ட்' செய்யுங்கள், 'ஸ்வாப்' பாகமானால் 'ஸ்வாப் ஆஃப்' கொடுங்கள். சாவி மறையும்.

எல்லாம் ஆகி, 'இன்ஸ்டால்' என்று அழுத்தினதும் ஒரு சின்னப் பட்டியல் வரும். எந்த டிஸ்க்கில் எந்தப் பாகம் அழிக்கப்படப் போகிறது என்று அதில் எழுதியிருக்கும். கல்யாணப் பத்திரிகையில் பெயர்ப் பிழை பார்க்கிற மாதிரி அதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். நான் அன்று படித்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திராது.

சரி, அப்பாவின் குரல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தப்புத் தெரிந்த நிமிஷமே அந்த டிஸ்க்கைப் பிடுங்கினேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். பத்திரத்தை மாற்றி எழுதினாலும், அறைக்குள் இருக்கும் சாமான் அவ்வளவு சீக்கிரம் போய்விடாது. அதன் மேல் வேறு எழுதினால்தான் போகும். கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் உண்டாக்கி இலவசமாகக் கொடுத்திருக்கும் 'டெஸ்ட்டிஸ்க்' என்ற கருவி, தொலைந்த பாகங்களின் எல்லையைத் தேடித் தரும். லினக்ஸ் மேலேயே எழுதிவிட்டதால் எனக்கு அது போதவில்லை. அதன் கூடவே வரும் 'ஃபோட்டோரெக்'கைப் பிடித்தேன். அது பத்திரத்தைப் பார்ப்பதில்லை. மண்ணைச் சலிக்கிற மாதிரி டிஸ்க் முழுவதையும் சலித்து, போட்டோ இது, பாட்டு இது என்று அடையாளம் கண்டு எடுக்கும். எடுத்ததை அதே டிஸ்க்கில் கொட்டக் கூடாது. வேறு டிஸ்க் வேண்டும். ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் சலித்தது. பதினாறில் 11 கிடைத்தன. பெயரெல்லாம் போய், 'எஃப்' என்று ஆரம்பித்து வெறும் எண்களாக வந்தன. ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் எது எந்தக் கதை என்று பெயர் வைத்தேன். அப்பா தம் கல்யாணத்தைப் பற்றிச் சொன்ன பதிவு அந்த ஐந்தில் போயிற்று. என்னுடையது சுழலும் பழைய மாதிரி டிஸ்க். அதனால் இந்த மட்டும் கிடைத்தது. எஸ்.எஸ்.டி.யாக இருந்தால், ஃபார்மட் செய்யும்போதே 'இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்' என்று லினக்ஸ் அதற்குச் சொல்லிவிடுகிறது. பிறகு சலித்தாலும் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது.

நாத்தனார் வீட்டுக்கு அன்று சாயங்காலமே போனேன். முதலில் விண்டோஸைக் கிளப்பி, அம்மா போட்டோக்களைத் திறந்து காட்டினேன். அறுபதாம் கல்யாணத்தில் அரக்குப் புடைவையில் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்தோம்; ஒன்றை என் கைப்பையிலேயே போட்டுக்கொண்டேன். பிறகு மேலே சொன்ன டிக் வைத்தியம். பையன் ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றினான், விண்டோஸ் ஒரு தரம் முனகிவிட்டு எழுந்தது. பென் டிரைவைச் செருகிப் பார்த்தால், டிஸ்க் தன் பாகங்களோடு பளிச்சென்று தெரிந்தது.

"அத்தை, இது தெரியாமல் காலையில் 'புதுப் பத்திரம் எழுது' என்ற பட்டனைத் தேடிக்கொண்டிருந்தேன்" என்றான் பையன்.

நல்ல வேளை, அது அகப்படவில்லை!

இப்போது அங்கே கம்ப்யூட்டரைப் போட்டால், யார் வேண்டும் என்று பத்து விநாடி கேட்டு நிற்கிறது. அவருக்குக் கடைக் கணக்குப் பார்க்க விண்டோஸ், மற்றவர்களுக்கு லினக்ஸ். நேற்று மறுபடி போன் வந்தது.

"அண்ணி, லினக்ஸைப் பார்த்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடுகிறதே, டிஸ்க் ஏதாவது...?"

டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை. அது வேறு கதை. அடுத்த வாரம் சொல்கிறேன்.